எண், எழுத்து, புள்ளி

ஓய்வூதியர்களாகிய நமக்கு இப்போதெல்லாம் வரும் செய்திகளில் பாதி படமாகத்தான் வருகிறது. அகவிலைப்படி அரசாணை, சங்கத்தின் சுற்றறிக்கை, உறவுக்காரர் வீட்டுத் திருமண அழைப்பிதழ், ஊர்க் கோயில் கும்பாபிஷேகப் பத்திரிகை எல்லாமே யாரோ ஒருவர் கணினியில் எழுத்தாக அடித்தவைதான். ஆனால் நம் கைப்பேசிக்கு வந்து சேர்வதற்குள் படமாகிவிடுகின்றன. பெரிதாக்கிப் பார்த்தால் மங்குகிறது. ஒரு வரியை மட்டும் எடுத்து இன்னொருவருக்கு அனுப்பலாம் என்றால் முடிவதில்லை. எழுத்தை எழுத்தாகவே அனுப்பினால் என்ன குறைந்துவிடும் என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

அதற்குப் பின்னால் நாற்பது வருடக் கதை இருக்கிறது. தட்டச்சராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் என்பதால் அதில் ஒரு பகுதியை அருகிலிருந்தே பார்த்தேன். தெரிந்தவரை சொல்கிறேன்.

நான் 1979-இல் வேலைக்குச் சேர்ந்தேன். தமிழ்த் தட்டச்சில் 'யளனகப' என்று விரல் பழகியவர்கள் இதைப் படிப்பவர்களிலும் நிறையப் பேர் இருப்பீர்கள். அந்த இயந்திரத்துக்கு விசைப்பலகை வகுத்துத் தந்தவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ரா. முத்தையா. அதில் ஓர் எழுத்து என்றால் ஓர் இரும்பு அச்சு. விசையை அழுத்தினால் அந்த அச்சு போய் நாடாவில் அடிக்கும், தாளில் அதன் உருவம் விழும். எழுத்து வேறு, அதன் படம் வேறு என்ற பேச்சே அங்கு கிடையாது. சைக்ளோஸ்டைல் ஸ்டென்சிலில் அடித்தாலும் அப்படித்தான். மை கொஞ்சம் அப்பும், அவ்வளவே.

கணினி வந்தபோதுதான் இந்த இரண்டும் பிரிந்தன. கணினிக்குள் எழுத்து கிடையாது, எண்தான் உண்டு. 'அ' என்பதற்கு ஓர் எண், 'ம' என்பதற்கு ஓர் எண். அந்த எண்ணுக்கு எந்த உருவத்தைக் காட்ட வேண்டும் என்பதை எழுத்துரு, அதாவது நாம் 'ஃபான்ட்' என்று சொல்வது, தீர்மானிக்கிறது. எழுத்துருவுக்குள்ளும் படம் இருப்பதில்லை. இங்கிருந்து இங்கே வளைந்து இங்கே சுழி என்று கோடுகளின் கணக்கு மட்டும் இருக்கும். திரையில் காட்டும்போதோ அச்சடிக்கும்போதோதான் அந்தக் கணக்கு புள்ளிகளாகிறது.

இதைப் புரிந்துகொள்ள நம் வாசலைப் பார்த்தால் போதும். கோலம் தெரிந்தவர்களிடம் 'ஏழு புள்ளி, இடைப்புள்ளி நாலு' என்று சொன்னால் போதும், கோலம் வந்துவிடும். சின்ன வாசல் என்றால் சின்னதாக, பெரிய வாசல் என்றால் பெரியதாகப் போடலாம். இந்தச் சொல்முறைதான் எழுத்துரு. போட்டு முடித்த கோலத்தைப் புகைப்படம் எடுத்தால் அது படம். அதை எவ்வளவு பெரிதாக்கினாலும் மாவு பெரிதாகத் தெரியுமே தவிர, கோலம் பெரிய வாசலுக்கு ஏற்ப விரியாது. கணினிக்காரர்கள் இந்தப் புள்ளிப் படத்தை 'ராஸ்டர்' என்கிறார்கள். களத்தில் வைக்கோலை இழுக்கும் பல்வாரி போன்ற கருவிக்கு லத்தீனில் உள்ள பெயரிலிருந்து வந்த சொல் அது. வாரி இழுத்த தடம் போல, மேலிருந்து கீழாக வரிசை வரிசையாகப் புள்ளிகள்.

எங்கள் அலுவலகங்களுக்கு இந்தப் புள்ளிப் படம் முதலில் வந்தது கணினி வழியாக அல்ல, ஃபேக்ஸ் வழியாக. 1980-இல் வகுத்த சர்வதேசத் தரம் ஒன்று உண்டு. அதன்படி ஃபேக்ஸ் இயந்திரம் தாளின் அகலத்தை ஒரு வரிக்கு 1728 புள்ளிகளாகப் பிரிக்கும். நெடுக்கில் மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 4 வரி. ஒரு ஏ4 தாளுக்குக் கிட்டத்தட்ட 20 லட்சம் புள்ளிகள். விநாடிக்கு 9600 புள்ளி என்ற வேகத்தில் அப்படியே அனுப்பினால் மூன்றரை நிமிடம் ஆகும். ஆனால் தாளில் பெரும்பகுதி வெள்ளைதானே? 'வெள்ளை, வெள்ளை, வெள்ளை' என்று நூறு தடவை சொல்வதற்குப் பதில் 'நூறு வெள்ளை' என்று ஒரே தடவை சொல்லிவிடும் முறையைக் கையாண்டார்கள். நேரம் பல மடங்கு குறைந்தது.

இதில் தமிழுக்கு ஒரு தனிச் சங்கடம் இருந்தது. மில்லிமீட்டருக்கு 4 வரி என்றால், மெய்யெழுத்தின் தலையில் இருக்கும் புள்ளிக்கு ஒரு வரியோ இரண்டு வரியோதான் கிடைக்கும். கொஞ்சம் தப்பினால் புள்ளி காணாமல் போய்விடும். ணகரத்துக்கும் னகரத்துக்கும் வித்தியாசம் ஒரு சுழி. 'பிடி'க்கும் 'பீடி'க்கும் வித்தியாசமும் ஒரு சுழிதான். ஆங்கிலத் தாள் மங்கலாக வந்தாலும் ஊகித்துப் படித்துவிடலாம். தமிழ்ப் பெயர்ப் பட்டியல் மங்கினால் ஆளே மாறிப்போவார்.

அடுத்து டி.டி.பி. காலம். ஆல்டஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 1985-இல் பேஜ்மேக்கர் மென்பொருளைக் கொண்டுவந்தது. அதே நிறுவனம்தான் மறு வருடம் டிஃப் என்ற பட வடிவத்தையும் வகுத்தது. ஸ்கேனர்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகப் படத்தைச் சேமிக்காமல் ஒரே விதமாகச் சேமிக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். 1987-இல் கம்ப்யூசர்வ் நிறுவனத்தின் ஜிஃப் வந்தது. 1992-இல் புகைப்படங்களுக்காக ஜேபெக் தரம் வந்தது. ஜிஃப்பில் இருந்த சுருக்கும் முறைக்குக் காப்புரிமைக் கட்டணம் கேட்கப் போவதாக 1994 கடைசியில் அறிவிப்பு வரவே, கட்டணமில்லாத மாற்றாக 1996-இல் பிஎன்ஜி பிறந்தது. இன்று நாம் கைப்பேசியில் திறக்கும் படங்களில் பெரும்பாலானவை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான்.

இவையெல்லாம் இருந்தாலும் ஆங்கிலக் கடிதம் எழுதுகிறவருக்கு அதைப் படமாக்க அவசியம் அதிகம் இருக்கவில்லை. எந்தக் கணினியிலும் ஆங்கில எழுத்துக்கு ஒரே எண்தான். நமக்கு அப்படி இல்லை. தமிழுக்கென்று எல்லாரும் ஒத்துக்கொண்ட எண் கிடையாது. ஆகவே ஆங்கில எழுத்துகளின் எண்ணை எடுத்துக்கொண்டு, அதன் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தினார்கள். கனடாவில் சீனிவாசன் ஆதமியைத் தந்தார். மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலைத் தந்தார். சுவிட்சர்லாந்தில் கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை உருவாக்கினார். இலங்கையிலும் புலம்பெயர்ந்தோரிடமும் பாமினி பரவியது. இவர்கள் செய்தது பெரிய தொண்டு. கணினியில் தமிழ் வரும் என்று காட்டியவர்கள் இவர்கள்தான். ஆனால் ஒருவர் எண் இன்னொருவருக்குப் பொருந்தவில்லை. பாமினியில் 'தமிழ்' என்று அடித்து அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாதவர் திரையில் ஆங்கில ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். நம்மூர் டி.டி.பி. கடைகளிலோ ஒவ்வொரு விற்பனையாளரும் தமக்கென்று ஓர் எழுத்துரு வைத்திருந்தார். சிலவற்றுக்குக் கணினியின் பின்புறம் ஒரு 'டாங்கிள்' பூட்டும் உண்டு. அதைக் கழற்றினால் மென்பொருள் திறக்காது.

அப்போது கைகொடுத்தது படம்தான். எழுத்துரு உங்களிடம் இருக்கிறதோ இல்லையோ, புள்ளிகள் எல்லார் திரையிலும் ஒன்றுபோலவே தெரியும். அந்த நாளில் இணையத்தில் தமிழ்ப் பக்கம் நடத்தியவர்கள் பலர் தலைப்பையும் கவிதையையும் ஜிஃப் படமாக்கி வைத்ததற்குக் காரணம் இதுவே. அரசு அலுவலகங்களுக்கும் இது பிடித்துப்போனது. கையெழுத்தும் முத்திரையும் சேர்ந்தே வரும், நடுவில் யாரும் ஓர் எழுத்தைச் சுலபமாக மாற்ற முடியாது. 2003-ஆம் ஆண்டின் மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸில் இதற்கென்றே ஒரு பொய்ப் பிரிண்டர் இருந்தது. பிரிண்ட் கொடுத்தால் தாள் வராது, டிஃப் படம் வரும். 2010 பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள்.

படத்தின் அருமையை நான் நேரில் கண்டது 2004 வாக்கில். ஓர் அலுவலகம், பெயர் வேண்டாம். சாலைக்காக நிலம் எடுத்ததில் இழப்பீடு பெற வேண்டிய 60-க்கும் மேற்பட்ட குடும்பங்களின் பட்டியல் அங்கே இருந்தது. தாள் கோப்பைக் கரையான் அரித்துவிட்டது. கணினியில் இருக்கிறதே என்று பார்த்தால், பழைய இயந்திரத்தைக் கழித்துக் கட்டிப் புதியது வாங்கியிருந்தார்கள். டாங்கிள் எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. எழுத்துரு விற்றவர் கடையை மூடிவிட்டுப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. கோப்பைத் திறந்தால் பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்துக் குப்பை. உள்ளே பெயர்கள் இருந்தன, சர்வே எண்கள் இருந்தன, படிக்கத்தான் ஆள் இல்லை.

காப்பாற்றியது ஃபேக்ஸ். அந்தப் பட்டியலைக் கணினியிலிருந்தே மோடம் வழியாக மேலலுவலகத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அந்த மென்பொருள் அனுப்பிய ஒவ்வொரு பக்கத்தையும் டிஃப் படமாகத் தன்னிடம் சேமித்து வைத்திருந்தது. கழித்துப் போட்ட கணினியின் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து அதை எடுத்தார்கள். உதவிக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். இரண்டு நாள் உட்கார்ந்து, படத்தைப் பார்த்து ஒவ்வொரு பெயராகத் திரும்ப அடித்தோம். நான்கு பெயர்களில் ணகரமா னகரமா, குறிலா நெடிலா என்று தெரியவில்லை. கிராம நிர்வாக அலுவலர் ஊருக்குள் போய் ரேஷன் அட்டையைப் பார்த்துவந்து சொன்னார். எழுத்தாக வைத்தது எழுத்துருவோடு போனது, புள்ளியாக வைத்தது தப்பியது. அந்தக் குடும்பங்களுக்குப் பணம் கிடைத்ததென்றால் அந்த மங்கலான படத்தால்தான்.

அப்படியானால் எல்லாவற்றையும் படமாகவே வைத்துவிடலாமே என்று தோன்றும். கதையின் மறுபாதி அதற்குப் பதில் சொல்கிறது.

தமிழ் எழுத்துகளுக்குப் பொதுவான எண் வேண்டும் என்ற பேச்சு 1997 சிங்கப்பூர் மாநாட்டிலும் 1999 சென்னை மாநாட்டிலும் தீவிரமாக நடந்தது. சென்னை மாநாட்டையொட்டித் தமிழ்99 விசைப்பலகையும், டாம், டாப் என்ற குறியேற்றங்களும் வந்தன. உலக மொழிகளுக்கெல்லாம் ஒரே எண் வரிசை தரும் யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கொடுத்திருந்தார்கள். ஆனால் அதைச் சரியாகக் காட்டும் மென்பொருள் நம் மேஜைக்கு வரத் தாமதமானது. விண்டோஸ் 2000-இல்தான் யூனிகோடுத் தமிழ் முதன்முதலாக உள்ளேயே வந்தது. தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. அதன் பிறகு எழுத்துரு மாறினாலும் எழுத்து மாறாது. 'அ' எந்த நாட்டுக் கைப்பேசியிலும் 'அ'தான்.

படத்தை நாடியதற்கான முதற்காரணம் அதோடு போய்விட்டது. பழக்கம் போகவில்லை. அச்சகங்களில் பலர் இன்னும் பேஜ்மேக்கரிலும் பழைய எழுத்துருவிலும்தான் வேலை செய்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, இருபது வருடக் கைப்பழக்கம். அதனால் அழைப்பிதழ் ஜேபெக் படமாக வருகிறது. அலுவலகங்களில் யூனிகோடில் அடித்து, அச்சிட்டு, கையெழுத்திட்டு, ஸ்கேன் செய்து, அதைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்புகிறார்கள். எழுத்தாக இருந்தது ஒரு தேவையும் இல்லாமல் இரண்டு முறை படமாகிறது.

இதில் இழப்பு என்ன? முதலில் அளவு. ஒரு ஏ4 பக்கத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் படமாக்கினால் 2480-க்கு 3508, அதாவது 87 லட்சம் புள்ளிகள். வெறும் கறுப்பு வெள்ளை என்றாலும் சுருக்காமல் வைத்தால் 10 லட்சம் பைட்டுக்கு மேல். வண்ணம் என்றால் 2.6 கோடி பைட். அதே பக்கத்தின் தமிழ் எழுத்துகள் 5000 பைட் சொச்சத்தில் அடங்கிவிடும். அடுத்தது தெளிவு. ஜேபெக் முறை படத்தை எட்டுக்கு எட்டுக் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்குச் சட்டெனத் தெரியாத நுணுக்கங்களை விட்டுவிடும். முகத்துக்கும் மலைக்கும் அது நல்ல முறை. கறுப்பு எழுத்தின் கூர்மையான விளிம்பைச் சுற்றி அழுக்குப் போல ஒரு தூசி படியும். அனுப்பும்போது ஒவ்வொரு முறையும் மறுபடி சுருக்கினால் சுழிகள் மூடிக்கொள்ளும். ஃபேக்ஸ் காலத்துப் பிடியும் பீடியும் திரும்பி வந்துவிட்டன.

பெரிய இழப்பு இவை இரண்டும் அல்ல. என்னோடு நாற்பது வருடப் பழக்கமுள்ள தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். கண் நீர் அழுத்தத்தால் பார்வை போய்விட்டது. கைப்பேசி வாசித்துக் காட்ட, அதைக் கேட்டே நாளிதழ், கடிதம், சங்கச் செய்தி எல்லாவற்றையும் தெரிந்துகொள்வார். எங்களில் பலரைவிட அவருக்குச் செய்தி முன்னதாகத் தெரியும். ஒரு முறை மருத்துவச் செலவை ஈடு பெறும் விண்ணப்பம் பற்றிய அறிவிப்பு ஒன்று குழுவில் வந்தது. கடைசித் தேதி உட்பட எல்லாம் அதில் இருந்தது. ஆனால் படமாக இருந்தது. அவர் கைப்பேசி அதைத் தொட்டதும் 'படம்' என்று ஒரே ஒரு சொல் சொல்லியிருக்கிறது. யாரோ காலை வணக்கப் பூ அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்துத் தள்ளிவிட்டார். கடைசித் தேதிக்கு மறுநாள் நான் தற்செயலாகப் பேச்சுவாக்கில் சொன்னபோதுதான் அவருக்கே தெரியும். "சாமி, எழுத்து தெரிஞ்சவனைக் கைநாட்டாக்கிட்டாங்களே" என்றார். முப்பத்து மூன்று வருடம் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர். விளக்கக் கடிதம் எழுதி, இரண்டு மாதம் அலைந்து, பணம் வந்துவிட்டது. அந்தச் சொல்தான் எனக்குள் தங்கிவிட்டது.

படத்திலிருந்து எழுத்தைக் கண்டுபிடிக்கும் மென்பொருள்கள் இப்போது தமிழுக்கும் இருக்கின்றன. தெளிவான தாள் என்றால் நன்றாகவே படிக்கின்றன. மங்கிய படத்தில் தடுமாறுவது பெயரிலும் தொகையிலும் தேதியிலும்தான், நமக்கு முக்கியமானதும் அவைதான். எழுத்தாகவே இருந்ததைப் புள்ளியாக்கிவிட்டு, அந்தப் புள்ளியிலிருந்து எழுத்தைத் தேடுவது, அரைத்த மாவிலிருந்து அரிசி பொறுக்கும் வேலை.

ஆகவே என் கருத்து இது. படம் சாட்சி. கையெழுத்தும் முத்திரையும் உருவமும் அப்படியே இருந்தன என்று அது சொல்லும், எழுத்துரு அழிந்தாலும் நிற்கும். எழுத்து பேசும். தேட விடும், வாசித்துக் காட்ட விடும், பெரிதாக்க விடும். இரண்டும் வேண்டும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப் போடுவதில்தான் நட்டம். 1993-இல் அடோபி கொண்டுவந்த பிடிஎஃப் இரண்டையும் ஒரே கோப்பில் சேர்த்து வைக்க இடம் தருகிறது. எழுத்துருவையும் தன்னோடு கட்டிக்கொண்டு போகும். நீண்ட காலம் பாதுகாப்பதற்கென்றே 2005-இல் அதில் ஒரு தனித் தரமும் வந்திருக்கிறது.

நாம் செய்யக்கூடியவை சில. சங்கத்தில் பொறுப்பில் இருப்பவர்கள் அறிவிப்பைப் படமாக அனுப்பினாலும், அதன் கீழே தேதி, தொகை, யாருக்குப் பொருந்தும் என்ற மூன்று வரியை யூனிகோடில் அடித்துவிடுங்கள். படம்தான் அனுப்ப வேண்டும் என்றால் ஜேபெக்கைவிட பிஎன்ஜி நல்லது. வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பாமல் 'டாக்குமென்ட்' என்று அனுப்பினால் சுருங்காமல் போகும். வீட்டில் பழைய சிடியில் பேரூர் மலர், குடும்ப வரலாறு, மணிவிழா மலர் என்று பழைய எழுத்துருவில் ஏதாவது கிடந்தால், அதைத் திறக்கும் கணினி ஒன்று ஊரில் இருக்கும்போதே இரண்டு வேலை செய்துவிடுங்கள்: ஒன்று படமாக எடுத்து வைப்பது, இன்னொன்று மாற்றிக் கொடுக்கும் மென்பொருளில் போட்டு யூனிகோடு ஆக்குவது. பாமினி போன்ற பரவலான எழுத்துருக்களுக்கு அந்த மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

உங்களிடம் இருக்கும் பிடிஎஃப் எழுத்தா படமா என்று தெரியவேண்டுமானால் ஒரு சின்னச் சோதனை உண்டு. கோப்பைத் திறந்து, ஒரு சொல்லின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். அந்தச் சொல் மட்டும் நிறம் மாறி நின்றால் உள்ளே எழுத்து இருக்கிறது. அதை நகலெடுத்து வேறோர் இடத்தில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் யூனிகோடு, ஆங்கிலக் குப்பையாக வந்தால் பழைய எழுத்துரு. எதுவுமே நடக்கவில்லை என்றால் வெறும் புள்ளி. உங்கள் ஓய்வூதிய ஆணையிலிருந்தே தொடங்குங்கள்.